போர்டில் ‘மரபணு மாற்றம் இல்லை’, மிக்சரில் பருத்திவிதை எண்ணெய்

காட்பாடியில் எங்கள் தெருமுனையில் திறந்திருக்கும் மரபு அங்காடி பற்றி. வாசலிலேயே ‘மரபணு மாற்றிய எதுவும் இங்கே கிடையாது’ என்று பெரிய போர்டு. அந்த உணவு வேண்டாம் என்று இருக்கிற வீடு எங்களுடையது. அதனாலேயே மாத மளிகையை இங்கே மாற்றிக்கொண்டேன்.

மரச்செக்கு நல்லெண்ணெய் அருமை. இட்லிப் பொடியில் ஊற்றினால் வாசம் கூடம் வரை வரும். மாப்பிள்ளைச் சம்பாவில் கல், குருணை இல்லை. புதன்கிழமை காலையில் இறங்குகிற இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காகவே போகலாம். காம்பைப் பிடித்தால் கை குத்தும், காய் வெண்ணெயாக வேகும். புழு ஓட்டை உள்ளதைக் கடைக்காரரே பொறுக்கி ஓரமாக வைத்துவிடுகிறார்.

குறை, ஸ்டிக்கரில்தான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றிலும் ‘மரபணு மாற்றம் இல்லாதது’ என்று பச்சை ஸ்டிக்கர். எள், நிலக்கடலை, தென்னை மூன்றிலும் மரபணு மாற்றிய ரகம் உலகில் எங்குமே விற்பனைக்கு வரவில்லை. அந்த ஸ்டிக்கருக்காக யாரும் ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை.

இந்தியாவில் வணிகரீதியாகப் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான், 2002-லிருந்து. இன்று விளைகிற பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் புரதம் செடியிலேயே உருவாகும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த ரகம். அதன் விதையில் எடுக்கிற எண்ணெய் சமையலுக்கும் பலகாரத்துக்கும் போகிறது. இதே கடையில் மிக்சர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்: பருத்திவிதை எண்ணெய்!

“அண்ணா, இது பி.டி. பருத்தியாத்தானே இருக்கும்?” என்று கேட்டேன். “சுத்திகரிச்ச எண்ணெய்ல அந்தப் புரதம் தங்காதும்மா” என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் சாப்பிடலாமா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு எனக்குத் தெரிய வேண்டும். மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் முகப்பில் ‘ஜி.எம்.’ என்று அச்சிடச் சொல்லும் விதி 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. நான் இதுவரை எந்தப் பாக்கெட்டிலும் அதைப் பார்த்ததில்லை.

இந்தக் கடையில் அந்த ஸ்டிக்கருக்கு உண்மையிலேயே வேலை இருப்பது கத்தரிக்காயில். 2009-ல் பி.டி. கத்தரிக்கு மத்தியக் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார். அந்தக் கத்தரியை உருவாக்கியதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த ஏழு நகரங்களில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. தினம் கத்தரிக்காய் சமைக்கிற நம்மையும் கேட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. வங்கதேசத்தில் 2014 முதல் அது விளைகிறது. 2019-ல் ஹரியானாவில் அனுமதி இல்லாமல் பயிரிட்டதும் தெரியவந்தது. அதனால் விதை எங்கே வாங்கியது என்று கடையில் கேட்பது நியாயமான கேள்விதான்.

கேட்டேன். எந்த ஊர்த் தோட்டம், பழுத்த காயிலிருந்து அந்த விவசாயியே விதை எடுத்துக் காயவைக்கிறார் என்பது வரைக்கும் சலிக்காமல் சொன்னார். அதை ஒரு அட்டையில் எழுதிக் கத்தரிக் கூடைமேல் வையுங்கள் அண்ணா, எந்த ஸ்டிக்கரும் தேவையில்லை.

கத்தரி, அரிசி, நல்லெண்ணெய் தாராளமாக வாங்கலாம். நொறுக்குத்தீனியை மட்டும் பின்பக்கம் படித்துவிட்டு எடுங்கள். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று ஸ்டார். கடலை எண்ணெயில் மிக்சர் போடுகிறவரிடம் கடைக்காரர் பேசியிருக்கிறாராம். அது வந்து, போர்டும் உண்மையானால் நான்காக மாற்றுகிறேன்.