ஆடிக் காற்றுக்கு எந்த டப்பா: 94-ஆ, ஹார்ட்கோரா?

பார்சிலோனா பக்கம் 1994-இல் தொடங்கிய மான்டானா கலர்ஸ், கிராஃபிட்டி ஓவியர்களுக்கென்றே ஸ்பிரே பெயிண்ட் செய்யும் கம்பெனி. அதன் 94, ஹார்ட்கோர் என்ற இரண்டு வகைகளில் கோவைச் சுவருக்கு எது தோதுப்படும்?

94 குறைந்த அழுத்தம், மேட் பூச்சு. பெயிண்ட் மெல்ல வருவதால் கை சொன்னபடி கேட்கும். முகம் வரைய, இமையோரக் கோடு இழுக்க இதுதான். வெயிலில் பளபளக்காது, போட்டோவும் நன்றாக விழும்.

ஹார்ட்கோர் அதிக அழுத்தம், பளபளப்பு. அகலமாகத் தூவும் கேப் (டப்பா தலையில் பெயிண்ட் வரும் மூடி) மாட்டினால் பெரிய பரப்பு மளமளவென்று நிரம்பும். பூசாத ஹாலோபிளாக் சுவரின் குழிகளுக்குள்ளும் போய் ஒட்டும். ஆனால் கை கொஞ்சம் நின்றாலும் வழிந்துவிடும்.

நம்மூரில் கணக்கை மாற்றுவது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசுகிற காற்று 94-இன் மெல்லிய தூவலை அள்ளிக்கொண்டு போய்விடும். டப்பாவைச் சுவரை ஒட்டிப் பிடித்தால்தான் கோடு நிற்கும். அந்த மாதங்களில் என் ஓட்டு ஹார்ட்கோருக்கு. மற்ற நாளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 94. அப்புறம், பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் இரண்டுமே உரியும். முதலில் சுரண்டிவிட்டு பிரைமர் அடியுங்கள்.