பைதானின் மைம்டைப்ஸ் மாட்யூல்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிய வருபவை

கோப்பின் பெயரைக் கொடுத்தால், கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து அது என்ன வகை என்று சொல்வதுதான் பைதான் நிரல்மொழியோடு கூடவே வரும் மைம்டைப்ஸ் மாட்யூலின் வேலை. கோப்பைத் திறந்து பார்க்காது. அப்படி ஒரு கோப்பு டிஸ்க்கில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. '.பிடிஎஃப்' என்று முடிந்தால் 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று பதில் வரும் (இப்படி எழுதப்படும் வகைப்பெயர்தான் மைம் வகை), அவ்வளவுதான். வெப் சர்வர், மின்னஞ்சலில் கோப்பை இணைக்கும் ஸ்கிரிப்ட், கிளவுட் ஸ்டோரேஜுக்கு அப்லோடு செய்யும் ப்ரோக்ராம் என்று எங்கெல்லாம் கன்டென்ட்-டைப் ஹெடர் (அனுப்பும் தரவு என்ன வகை என்று பெறுபவருக்குச் சொல்லும் வரி) தேவையோ அங்கெல்லாம் இது உட்கார்ந்திருக்கும்.

வேகத்திலும் எளிமையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், 'கெஸ்_டைப்' என்ற ஒரே ஒரு ஃபங்ஷனில் காரியம் முடிந்துவிடும். ஆனால் வருடக்கணக்கில் புரொடக்‌ஷனில் ஓடும் கோடில் இதை வைத்திருப்பவர்கள் அறிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு: ஒரே பெயருக்கு இது தரும் பதில் மெஷினுக்கு மெஷின், வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். பெரும்பாலான தொல்லைகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மாட்யூலுக்குள்ளேயே ஒரு சிறிய பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. முதல்முறை கூப்பிடும்போது அதன் மேல் சிஸ்டத்தில் இருக்கும் பட்டியலையும் ஏற்றிக்கொள்கிறது. லினக்ஸ் என்றால் 'இடிசி' ஃபோல்டருக்குள் இருக்கும் 'மைம்.டைப்ஸ்' கோப்பு, அப்பாச்சி வெப் சர்வரின் பழைய இருப்பிடங்கள் சில. விண்டோஸ் என்றால் ரெஜிஸ்ட்ரி (சிஸ்டத்தின் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்). டெவலப்பரின் லினக்ஸ் லேப்டாப்பில் அந்த 'மைம்.டைப்ஸ்' கோப்பு வழக்கமாக இருக்கும். ஸ்லிம், ஆல்பைன் மாதிரியான மெலிந்த டாக்கர் இமேஜ்களில் (அப்ளிகேஷனைத் தேவையான சிஸ்டத்தோடு சேர்த்துக் கட்டிய பொதி; அது ஓடும்போது கன்டெய்னர்) பெரும்பாலும் இருக்காது. வேர்டு, எக்செல் கோப்புகளின் '.டாக்எக்ஸ்', '.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' இரண்டும் பைதானின் பல வெர்ஷன்களில் உள்பட்டியலில் இல்லவே இல்லை. அந்த வெர்ஷன்களில், லேப்டாப்பில் எக்செல் கோப்புக்குச் சரியான வகை கிடைக்கும், கன்டெய்னருக்குள் போனதும் 'நன்' (எதுவும் இல்லை என்பதற்குப் பைதானின் சொல்) திரும்பும். எரர் எதுவும் வராது. டவுன்லோடு செய்தவர் 'கோப்பு திறக்கவில்லை' என்று சொன்னால்தான் விஷயம் வெளியே வரும். டெபியன் அடிப்படையிலான இமேஜ் என்றால் 'மீடியா-டைப்ஸ்' பேக்கேஜையும், ஆல்பைன் என்றால் 'மெயில்கேப்' பேக்கேஜையும் சேர்த்தால் அந்தக் கோப்பு வந்துவிடும்.

'.வெப்பி' படங்களின் கதையும் இதேதான். மாட்யூலில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று இணையப் பெயர்களையும் எண்களையும் பதிவு செய்யும் ஐஏஎன்ஏ அமைப்பில் முறையாகப் பதிவான வகைகள், மற்றது பதிவாகாமல் புழக்கத்தில் மட்டும் இருப்பவை. 'ஸ்ட்ரிக்ட்' என்ற ஆர்க்யூமென்டை 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால்தான் இரண்டாவது அடுக்கையும் பார்க்கும். வெப்பி நெடுநாள் அந்த இரண்டாவது அடுக்கில் கிடந்தது. பிரவுசர்கள் எல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்த காலத்திலும் சாதாரணமாகக் கேட்டால் 'நன்' தான் வந்தது.

விண்டோஸில் சிக்கல் வேறு மாதிரி. ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 'கன்டென்ட் டைப்' என்று ஒரு மதிப்பு இருக்கும். எந்த மென்பொருளை இன்ஸ்டால் செய்தாலும் அதை மாற்றி எழுதிவிட்டுப் போக முடியும். '.ஜேஎஸ்' எக்ஸ்டென்ஷனுக்கு அங்கே 'டெக்ஸ்ட்/பிளெய்ன்' என்று இருந்தால், ஜாங்கோ என்ற பைதான் வெப் ஃப்ரேம்வொர்க்கின் டெவலப்மென்ட் சர்வர் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை அந்த வகையோடு அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலாக ஏற்றப்படும் ஸ்கிரிப்டுக்குப் பிரவுசர்கள் வகையைக் கறாராகச் சரிபார்ப்பதால் பக்கம் வெறுமையாக நிற்கும். கன்சோலைத் திறந்து பார்த்தால் மைம் வகை பற்றி ஒரு சிவப்பு வரி இருக்கும். வகையை நீயாக ஊகிக்காதே என்று பிரவுசருக்குச் சொல்லும் 'நோஸ்னிஃப்' ஹெடர் போட்டிருந்தால் சாதாரண ஸ்கிரிப்ட், ஸ்டைல்ஷீட் விஷயத்திலும் இதே கறார்தான். எக்செல் இருக்கும் மெஷினில் '.சிஎஸ்வி' கோப்பு 'அப்ளிகேஷன்/விஎன்டி.எம்எஸ்-எக்செல்' என்று வருவதும் இதே வழியில்தான். அப்லோடு வாங்கும் கோடு 'டெக்ஸ்ட்/சிஎஸ்வி' மட்டுமே செல்லும் என்று எழுதியிருந்தால், பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் காரணமே தெரியாமல் அப்லோடு நிராகரிக்கப்படும்.

ஜாங்கோவின் செட்டிங்ஸ் கோப்பின் தொடக்கத்தில் 'ஆட்_டைப்' ஃபங்ஷனைக் கூப்பிட்டு '.ஜேஎஸ்' என்றால் 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்' என்று சொல்லிவிடுவது பலரும் சொல்லும் தீர்வு. வேலை செய்யும். ஆனால் இது அந்த ப்ராசஸ் முழுக்கப் பொதுவான பட்டியலை மாற்றுகிறது. பிறகு வேறு ஏதாவது லைப்ரரி 'இனிட்' ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பட்டியல் புதிதாகக் கட்டப்பட்டு, நாம் சேர்த்தது காணாமல் போகும். அப்ளிகேஷனில் இதைச் செய்வதில் தவறில்லை. மற்றவர்கள் பயன்படுத்தப்போகும் லைப்ரரிக்குள் செய்யவே கூடாது.

வெர்ஷன் மாறும்போதும் கவனம் வேண்டும். 2022 மே மாதம் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 9239, ஜாவாஸ்கிரிப்டுக்கு 'டெக்ஸ்ட்/ஜாவாஸ்கிரிப்ட்' தான் சரியான வகை என்று அறிவித்து 'அப்ளிகேஷன்/ஜாவாஸ்கிரிப்ட்' என்பதை ஓரங்கட்டியது. பைதான் 3.12 அதைப் பின்பற்றியது. பழைய சரத்தை நேரடியாக ஒப்பிட்டு, ஜிஸிப் முறையில் சுருக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்த கோடெல்லாம் அப்கிரேடு செய்ததும் ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்காமல் அனுப்ப ஆரம்பிக்கும். தளம் உடையாது, மெதுவாகும். இந்த மாதிரிப் பிழைதான் கண்ணில் படாமல் மாதக்கணக்கில் தங்கும்.

பதில் எப்போதும் இரண்டு மதிப்புகளாக வருகிறது என்பதையும் பலர் சரியாகக் கவனிப்பதில்லை. 'பேக்கப்.டார்.ஜிஇசட்' என்று கொடுத்தால் முதல் மதிப்பு 'அப்ளிகேஷன்/எக்ஸ்-டார்', இரண்டாவது 'ஜிஸிப்'. அதாவது உள்ளே இருப்பது டார் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வடிவம்), அதன் மேல் போர்த்தியிருப்பது ஜிஸிப். முதல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கிப்போடுவதுதான் வழக்கமாக எழுதப்படும் கோடு. அப்போது 'லாக்.டிஎக்ஸ்டி.ஜிஇசட்' வெறும் 'டெக்ஸ்ட்/பிளெய்ன்' ஆகப் போகும், பிரவுசர் டேபில் குப்பை எழுத்துகள் நிரம்பும். இரண்டாவதை மதிக்கிறோம் என்று கன்டென்ட்-என்கோடிங் ஹெடரில் 'ஜிஸிப்' போட்டாலும் தொல்லைதான். பிரவுசர் வழியிலேயே சுருக்கத்தைப் பிரித்துவிட வாய்ப்புண்டு. பெயர் '.டார்.ஜிஇசட்' என்றே இருக்கும், உள்ளே வெறும் டார் இருக்கும், பிரிக்கப்போனால் 'இது ஜிஸிப் வடிவம் இல்லை' என்று எரர் வரும். டவுன்லோடுக்குக் கொடுக்கும் கோப்பில் இரண்டாவது மதிப்பு 'ஜிஸிப்' என்று வந்தால், கன்டென்ட்-டைப்பையே 'அப்ளிகேஷன்/ஜிஸிப்' ஆக்கிவிட்டு, என்கோடிங் ஹெடரைத் தொடாமல் விடுங்கள். ஜாங்கோவின் ஃபைல்ரெஸ்பான்ஸ் கிளாஸும் இப்படித்தான் செய்கிறது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தில் ஒரு முரண் இருக்கிறது. 'போட்டோ.ஜேபிஜி' என்பதில் எக்ஸ்டென்ஷனைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சரியாகக் கண்டுபிடிக்கும். சுருக்க எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. '.ஜிஇசட்' பெரிய எழுத்தில் இருந்தால் சுருக்கத்தைச் சொல்லும் இரண்டாவது மதிப்பு 'நன்' ஆகிவிடும். அநேகமாகக் காரணம், யூனிக்ஸின் பழைய கம்ப்ரெஸ் ப்ரோக்ராம் பெரிய எழுத்து 'இசட்' ஒன்றையே எக்ஸ்டென்ஷனாக வைத்திருந்தது. அந்த வேறுபாட்டைக் காப்பாற்ற, இந்தப் பட்டியல் மட்டும் எழுத்தின் அளவைப் பார்க்கிறது. வெறும் '.ஜேபிஜி' என்று எக்ஸ்டென்ஷனை மட்டும் கொடுத்தாலும் 'நன்' தான், ஏனென்றால் புள்ளியில் தொடங்கும் பெயரை அது மறைவுக் கோப்பாக நினைத்துக்கொள்கிறது. முன்னால் ஏதாவது ஒரு எழுத்தைச் சேர்த்துக் கேளுங்கள். 'கெஸ்_டைப்' ஃபங்ஷன் உண்மையில் யூஆர்எல்லுக்காக எழுதப்பட்டது. டிஸ்க்கில் உள்ள பாதைகளுக்கென்று 3.13இல் 'கெஸ்_ஃபைல்_டைப்' வந்திருக்கிறது. புதிய கோடில் அதையே எழுதலாம்.

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு எந்தப் பட்டியலாலும் உதவ முடியாது. '.டிஎஸ்' என்றால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் பட்டியலில் 'வீடியோ/எம்பி2டி', அதாவது ஒளிபரப்புக்கான எம்பெக் ஸ்ட்ரீம். 2012இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் நிரல்மொழியும் அதே எக்ஸ்டென்ஷனைத்தான் எடுத்துக்கொண்டது. எச்எல்எஸ் முறையில் வீடியோத் துண்டுகளைத் தரும் சர்வருக்கு முதல் பதில் சரி, கோடு காட்டும் தளத்துக்கு அது தவறு. எது சரி என்று அந்தத் தளத்தை நடத்துபவர்தான் சொல்ல முடியும்.

தமிழ் உரைக்கோப்புகளைத் தருபவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இந்த மாட்யூல் 'டெக்ஸ்ட்/பிளெய்ன்' என்று சொல்லுமே தவிர, சார்செட் (எழுத்துகளைப் பைட்களாக எழுதும் முறை) எது என்று சொல்லாது. எக்ஸ்டென்ஷனில் அந்தத் தகவல் இல்லை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் 3 பைட். சார்செட் தெரியாத பிரவுசர் அவற்றை மேற்கு ஐரோப்பிய என்கோடிங்காகப் படித்தால், தலையில் கோடு போட்ட சிறிய 'ஏ' திரும்பத் திரும்ப வரும் ஒரு குவியல்தான் திரையில் தெரியும். வகை 'டெக்ஸ்ட்' என்று தொடங்கினால் 'சார்செட்=யூடிஎஃப்-8' என்று நாமே ஒட்ட வேண்டும். பழைய தமிழ்க் குறியீட்டு முறையான டிஸ்கியில் தட்டச்சான பழைய கோப்புகளும் '.டிஎக்ஸ்டி' என்றுதான் முடிகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அந்த ஃபோல்டருக்குள் விட வேண்டும், இல்லையென்றால் ஒட்டிய சார்செட்டே பொய்யாகிவிடும்.

வெளியாட்கள் அனுப்பும் கோப்புகளுக்கு இந்த மாட்யூலை நம்பவே கூடாது. பெயர் என்பது அனுப்பியவரின் கூற்று மட்டும்தான். அங்கே முதல் சில பைட்களைப் பார்க்க வேண்டும்: ஜேபெக் என்றால் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்', ஜிப் என்றால் 'பிகே'. லிப்மேஜிக் என்ற லைப்ரரி இதைச் செய்து தரும், பைதானிலிருந்து அதைக் கூப்பிட பைதான்-மேஜிக் உதவும். அதற்கும் எல்லை உண்டு. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான், பழைய லிப்மேஜிக் அதை வெறும் ஜிப் என்றே சொல்லிவிடும். (அந்த ஜிப்பைப் பிரித்தால், எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த வகை என்று எழுதிய ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உள்ளே இருக்கும். தன் பட்டியலைத் தானே சுமந்து வருகிற நல்ல வடிவமைப்பு அது.) இரட்டை எக்ஸ்டென்ஷனிலும் ஆபத்து இருக்கிறது. 'படம்.பிஎச்பி.ஜேபிஜி' என்பது பைதானுக்குப் படம். ஆனால் அப்பாச்சியின் மாட்_மைம் என்ற பகுதி, கோப்பின் பெயரிலுள்ள எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் பார்க்கும். பிஎச்பி நிரல்மொழியை 'ஆட்ஹேண்ட்லர்' என்ற கட்டளை கொண்டு இணைத்திருந்தால் அந்தப் 'படம்' சர்வரில் ப்ரோக்ராமாக ஓடும். ஆகவே அப்லோடு ஆனதை நாமே உருவாக்கிய பெயரில், நாம் முடிவு செய்த ஒரே எக்ஸ்டென்ஷனோடு சேமிப்பதுதான் பாதுகாப்பு.

நீண்டகாலத்துக்கு நிற்கும் அமைப்பு சிறியதுதான். நம் அப்ளிகேஷன் வெளியே தரும் எக்ஸ்டென்ஷன்களை, பொதுவாக ஒரு 20, 30 தேறும், ஒரு டிக்‌ஷனரியில் எழுதி, கோடு இருக்கும் ரெப்போவிலேயே வைக்க வேண்டும். பெயரைச் சிறிய எழுத்தாக்கி முதலில் அதில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மட்டும் மைம்டைப்ஸைக் கேட்க வேண்டும். அதுவும் 'நன்' என்றால் 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்', அதாவது வகை தெரியாத வெறும் பைட்கள். தெரியாததை 'டெக்ஸ்ட்/பிளெய்ன்' என்று அனுப்பும் பழக்கம் வேண்டாம். டிக்‌ஷனரியில் உள்ள ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு வரி டெஸ்ட் எழுதி, அதை லேப்டாப்பில் ஓட்டுவதோடு நிறுத்தாமல் டிப்ளாய் ஆகும் அதே டாக்கர் இமேஜுக்குள்ளும் ஓட்ட வேண்டும். பிரவுசரில் ஓடும் வெப்அசெம்ப்ளியின் '.வாஸ்ம்' கோப்புக்கு 'அப்ளிகேஷன்/வாஸ்ம்' தவிர வேறு வகை போனால், பிரவுசரின் ஸ்ட்ரீமிங் கம்பைல் மறுத்துவிடும். டெஸ்டில் அதை முதல் வரியாகவே வைக்கலாம்.