எபோயெட்டினா, டார்பெபோயெட்டினா: வீட்டில் வைத்துப் போட எது தோது?

சிறுநீரகம் பழுதடையும்போது அது சுரக்கும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனும் குறைவதால், எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி தளர்ந்து இரத்தச்சோகை வருகிறது. அந்த ஹார்மோனை ஈடுசெய்யும் ஊசிகளில் அதிகம் பேசப்படுபவை இரண்டு: அமெரிக்காவில் 1989இல் அனுமதி பெற்ற எபோயெட்டின், அங்கேயே 2001இல் அனுமதி பெற்ற டார்பெபோயெட்டின். இன்னும் டயாலிசிஸ் தொடங்காத என் அம்மாவுக்கு, மருத்துவரைக் கலந்துகொண்டு, இரண்டாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஹீமோகுளோபினை உயர்த்துவதில் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. எதைப் போட்டாலும் உடலில் இரும்புச்சத்து போதிய அளவு இருக்க வேண்டும், இரத்த அழுத்தத்தைக் கவனித்துவர வேண்டும். ஓர் ஊசியின் விலையை மட்டும் பார்த்தால் எபோயெட்டின் மலிவு.

டார்பெபோயெட்டின் மூலக்கூறில் கூடுதலாக இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள் இருப்பதால், அது இரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் தங்குகிறது. எபோயெட்டினைப் பொதுவாக வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போட வேண்டியிருக்க, டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இதை இரு வாரங்களுக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போட்டால் போதும். ஊசிக்குத்து குறைவது நல்லதுதான். ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது குளிர்ச்சி. இரண்டையும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது, உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். மருந்துக்கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவரும்போது ஐஸ் கட்டி ஊசியை நேரடியாகத் தொடாமல் நடுவில் துணி சுற்ற வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஃப்ரீசரை ஒட்டிய தட்டும் ஆகாது, திறந்து மூடும் கதவும் ஆகாது. சித்திரை வெயிலில் மின்சாரம் போனால் அது வேறு கவலை. இந்தப் பாதுகாப்பை மாதம் எட்டுப் பத்து ஊசிகளுக்குச் செய்வதும், ஒன்றிரண்டுக்குச் செய்வதும் ஒன்றல்ல. வீரியம் இழந்த ஊசி பார்வைக்குத் தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஹீமோகுளோபின் ஏறாதபோது, மருந்தளவு போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும்; குளிர்சாதனப் பெட்டியின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

நீண்ட நேரம் தங்குவதில் பாதகமும் உண்டு. ஹீமோகுளோபின் வேண்டியதைவிட உயர்ந்துவிட்டால், அடுத்த ஊசியை நிறுத்தினாலும் போட்ட மருந்து சட்டென்று விலகாது. நீரிழிவோடு சிறுநீரக நோயும் உள்ளவர்களிடம் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 13 கிராம் என்பதை இலக்காகக் கொண்டு டார்பெபோயெட்டின் கொடுத்த ‘ட்ரீட்’ ஆய்வில், பக்கவாத அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பானதாக 2009இல் தெரியவந்தது. இலக்கை மிக உயர்த்தினால் எபோயெட்டினிலும் ஆபத்து உண்டு என்பதை 2006இல் வெளியான ‘கொயர்’ ஆய்வு காட்டியிருந்தது. அதனால்தான் அம்மாவுக்கு 11.5ஐத் தாண்டவிடாமல், இரத்தப் பரிசோதனை பார்த்தபிறகே அடுத்த ஊசியை மருத்துவர் எழுதித் தருகிறார்.

வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. அவர்களுக்கு டயாலிசிஸ் நடக்கும் இடத்திலேயே இரத்தக் குழாய் வழியாக எபோயெட்டினைச் செலுத்திவிடலாம், வீட்டில் வைக்கும் தொல்லையே இல்லை. இந்தியாவில் 2022இல் அனுமதி பெற்ற டெசிடுஸ்டாட் மாத்திரையோ, உடலையே அந்த ஹார்மோனைச் சுரக்கத் தூண்டுவது. வாரம் மூன்று முறை விழுங்கினால் போதும், ஐஸ் பெட்டியும் தேவையில்லை. எங்களுக்கு அதில் அனுபவம் இல்லை. ஊசிகள் அளவுக்கு நீண்டகாலப் பயன்பாடும் அதற்கு இன்னும் சேரவில்லை என்பதால், இப்போதைக்கு ஊசியை மாற்றும் எண்ணம் இல்லை.