கிணற்றடி நிழலும் மறைந்திருந்த பழுப்புப் பட்டையும்

பழைய அச்சுப் படங்களை விற்கும் வணிகர் ஒருவரிடமிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்ற குறிப்புடன் நான் வாங்கிய எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, அதில் மை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தி எடுக்கும் அச்சுப் படம்) ஒன்றைப் பற்றியது இம்மதிப்புரை. தாழ்ந்த கூரையுடைய நான்கு வீடுகள், வளைந்து போகும் வண்டித்தடம், கிணற்றடியில் முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண். படத்தில் இருப்பது அவ்வளவுதான்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோதுதான் ஓவியரின் கைத்திறன் புலப்பட்டது. செம்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் அமிழ்த்தும்போது கீறிய இடங்களை மட்டுமே அமிலம் அரிக்கும். எவ்வளவு நேரம் அரிக்க விடுகிறார்களோ அவ்வளவு ஆழமாகக் கோடு பள்ளமாகி, அதற்கேற்ப மையை வாங்கிக்கொள்ளும். இந்த ஓவியர் தொலைவிலுள்ள மரங்களைச் சீக்கிரமே வார்னிஷ் பூசி மூடிவிட்டு, கிணற்றின் நிழலை மட்டும் திரும்பத் திரும்ப அமிலத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஊர் அடங்கிக் கிடப்பதாக நமக்குத் தோன்றுவது இந்தக் கருமைக்கும் வெளிர்மைக்கும் இடையிலுள்ள தூரத்தால்தான். வானத்தில் ஒரு கோடுகூட இல்லை. தகட்டைத் துடைக்கும்போது விட்டுவைத்த மெல்லிய மைப்படலமே அந்தி மங்கலாக நிற்கிறது.

1862-இல் பாரிஸில் அல்ஃபிரெட் கடார் எட்சிங் கலைஞர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கிய காலத்தில் இக்கலை புத்துயிர் பெற்றது. காகிதத்தில் தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இருந்தாலே அசல் எட்சிங் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1879-இல் கரேல் கிளீச் உருவாக்கிய, புகைப்படத்தைத் தகட்டுக்கு மாற்றி அரிக்கும் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் எடுத்த நகல்களிலும் அந்த விளிம்பு அழுந்தியிருக்கும் என்பதால், அந்தத் தடத்தை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. என் பிரதியில் கோடுகளின் முனைகள் மழுங்கியிருக்கின்றன, மை சற்றே மேடாக நிற்கிறது, அத்தகைய நகலுக்குரிய நுண்புள்ளித் தன்மை எங்கும் இல்லை. ஆகவே இது கையால் கீறிய தகட்டிலிருந்து எடுத்த அச்சுதான் என்று கருதுகிறேன்.

குறை விற்றவரிடம்தான். ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தார்; சட்டத்தைப் பிரித்ததும், பழைய அட்டையின் அமிலம் ஏறிய பழுப்புப் பட்டை ஒன்று படத்தைச் சுற்றி ஓடியது, பின்புறம் முழுக்க ஒட்டுநாடா. கேட்டதற்கு, பழமையின் இயல்பு என்று ஒரே வரியில் பதில் வந்தது. வயது கறையைத் தரலாம், ஒட்டுநாடாவைத் தராது. வாங்குவோர் சட்டத்திலிருந்து எடுத்த நிலையில் இருபுறப் புகைப்படத்தையும் கேட்டுப் பெறுவது நல்லது. பொதிந்து அனுப்பியதில் மட்டும் குற்றம் சொல்ல இடமில்லை.

படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. அமிலமற்ற அட்டைக்கு மாற்றி, வெயில் படாத சுவரில் மாட்டுவதாக இருக்கிறேன். நாடாவை நானே உரித்தால் காகிதத்தின் தோலும் உடன் வந்துவிடும் என்பதால், அந்த வேலையை மட்டும் காகிதப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.