ஒரே ஒரு நாள்தான் கையில் இருந்தால்: நல்லூரும் கோட்டையுமா, நெடுந்தீவா?

ஆடி, ஆவணி வந்தால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் பாய் தலையணை போதாது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். நல்லூர்த் திருவிழா, ஒரு கலியாணவீடு, காணி உறுதி அலுவல் எல்லாம் போக, ஊர் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாள். போன வருசம் அண்ணையின் மகள் கேட்டாள்: “மாமி, ஜெய்ப்பூரில ஒரே நாளில ஆமேர் கோட்டை, நாகர்கர் கோட்டை, அரண்மனை எல்லாம் பாத்தனாங்கள். எங்கட ராசா இருந்த இடம் எங்க? கோட்டை எங்க? அதைக் காட்டுங்கோ.”

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஜெய்ப்பூரில் அரண்மனை இன்றைக்கும் அரண்மனையாக நிற்கிறது. இங்கே யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரில் மிஞ்சியிருப்பது ஒரு வளைவு, ஒரு கேணி, மந்திரியின் பெயரால் வழங்கும் ஒரு வீடு. அதைத் தெரியாமல் வருபவர்களுக்கு முதல் அரை மணித்தியாலம் ஏமாற்றமாக இருக்கும். தெரிந்துகொண்டு வந்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு நாளுக்கு இங்கே பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் இரண்டு. ஒன்று, நல்லூரும் யாழ்ப்பாணக் கோட்டையும். மற்றது, குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு. வான்காரர் சிலர் இரண்டையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வார்கள். ஒருமுறை நம்பி ஏறினோம். நெடுந்தீவிலிருந்து திரும்பி வர வெயில் தாழ்ந்துவிட்டது. மந்திரி மனையை வானின் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததுதான் மிச்சம். அதனால் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் வழியில் நான் வற்புறுத்துவது ஒழுங்கு: நல்லூர் முதல், கோட்டை பிறகு. பலர் பஸ் நிலையத்திலிருந்து நேரே கோட்டைக்குப் போய்விட்டு, பின்னேரம் கோயிலுக்குப் போகிற வழியில் நல்லூர்ச் சின்னங்களை எட்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் போனால் கோட்டை ஒரு வெள்ளைக்காரன் கட்டிய மதிலாக மட்டும் தெரியும். நல்லூரிலிருந்து தொடங்கினால் அந்த மதில் எதை அழித்துவிட்டு எழுந்தது என்று தெரியும்.

காலமை ஏழு மணிக்கு நல்லூர் முத்திரைச் சந்திக்கு வந்துவிட வேண்டும். வாளோடு குதிரை மேல் இருக்கும் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலைதான் தொடக்கம். 1974இல் முதலில் எழுப்பிய சிலை. இப்போது நிற்பது 2011இல் புதுப்பித்தது. பக்கத்தில் உள்ள கிறிஸ்தவத் தேவாலயக் காணியைப் பாருங்கள். பழைய கந்தசாமி கோயில் இருந்த இடம் அதுதான் என்று கருதப்படுகிறது. அதன் பின்பக்கம் யமுனா ஏரி. ஏரி என்று பெயர், ஆனால் கேணி. ‘ப’ வடிவில் படிகள் இறங்கும். யமுனை நதியின் தண்ணீரைக் காவடியில் கொண்டுவந்து இதில் கலந்தார்கள் என்பது பழங்கதை. மழைக்காலத்தில் நிறைந்து பச்சையாகக் கிடக்கும். அந்தப் படியில் பத்து நிமிசம் சத்தமில்லாமல் இருந்து பார்க்கச் சொல்வேன், பிள்ளைகளுக்கும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பருத்தித்துறை வீதியோரமாகச் சங்கிலித் தோப்பு வளைவு தனியே நிற்கிறது. உள்ளே போக ஒரு மாளிகை இல்லை. வாசல் மட்டும். மந்திரி மனையும் அதே வீதியில்தான். இப்போதிருக்கிற கட்டடம் அரசர் காலத்தது அல்ல, ஐரோப்பியர் வந்த பிற்பாடு கட்டியது என்று சொல்பவர்கள் உண்டு. தூண்களையும் முகப்பையும் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதற்காக அதை விட்டுவிட மாட்டேன். இந்த மண்ணில் ‘மனை’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிற வீடு அது. மிகவும் பழுதாகிப்போன கட்டடம். எவ்வளவு கெதியாகப் பேணுகிறோமோ அவ்வளவு நல்லது.

நேரம் இருந்தால் தலைநகரின் எல்லைக் கோயில்களில் ஒன்றையாவது பாருங்கள். கிழக்கில் வெயிலுகந்த பிள்ளையார், தெற்கில் கைலாசநாதர், மேற்கில் வீரமாகாளியம்மன், வடக்கில் சட்டநாதர். இந்த நாலையும் ஒரு தாளில் புள்ளி போட்டு இணைத்தால் இல்லாமற்போன நகரத்தின் அளவு கண் முன் வந்துவிடும். அரண்மனை இல்லாத தலைநகரைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிறகு கந்தசாமி கோயில். இப்போதிருக்கிற கோயில் 1734இல் தொடங்கியது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அர்ச்சனைச் சிட்டை இன்றைக்கும் ஒரு ரூபாய்தான். நடுப்பகலுக்குக் கிட்ட நடை சாத்துவார்கள் என்பதால் அதற்கு முன்னரே போய்விட வேண்டும்.

மத்தியானம் ரவுணில் ஒரு சைவக் கடையில் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஆற மூன்று மணிக்கு மேல் கோட்டை. நல்லூரிலிருந்து மூன்று கிலோமீற்றர் அளவு. ஓட்டோவில் பத்து நிமிசம். 1619இல் யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் தோற்றான். அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேரா நல்லூரைக் கைவிட்டு ஆட்சியை இந்தக் கோட்டை நிற்கும் பண்ணைக் கடற்கரைக்கு மாற்றினான். பழைய கந்தசாமி கோயிலும் இடிபட்டது. காலையில் நீங்கள் நின்ற இடம் ஏன் வெறுமையாக இருந்தது என்பதற்கான விடை இந்தச் சுவருக்குள் இருக்கிறது. கோயில் கற்கள் கோட்டைக்குப் போயின என்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். கோட்டைக்குள் நடந்த அகழாய்வுகளில் இந்துக் கோயிலுக்குரிய கற்கள் கிடைத்தும் இருக்கின்றன. சோழர் காலக் கல்வெட்டு ஒன்றும் இங்கே கிடைத்திருக்கிறது.

போர்த்துக்கேயர் கட்டியது நாலு மூலைக் கோட்டை. 1658இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்த ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக்கினார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, செலாந்து, உத்ரெக்ற் என்று தங்கள் மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். வெளி அரண் வேலைகள் 1792இல்தான் முடிந்தன. 1795இல் ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள். சுவர் முழுக்கக் கடற்பாறையும் சுண்ணக்கல்லும். கையை வைத்துப் பாருங்கள், பவளப் பூவின் வடிவம் கல்லிலே தெரியும். உள்ளே 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. உள்நாட்டுப் போரில் நடந்த 1990 முற்றுகையில் அது போய்விட்டது. இப்போது குவியலாகக் கிடக்கிறது. எங்கள் தலைமுறைக்குக் கோட்டை என்றால் செல் (எறிகணை) வருகிற திசை. அதன் கொத்தளத்தில் இப்போது பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், பின்னேரம் சோடியாக வந்து இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981இல் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இடம் அதன் வாசல்தான்.

இனி நெடுந்தீவு. அதைக் குறைவாக நான் சொல்ல மாட்டேன். அழகு என்று மட்டும் கேட்டால் நல்லூரும் கோட்டையும் அதற்குக் கிட்ட வராது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் போக ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அங்கிருந்து படகில் இன்னொரு மணித்தியாலம். இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவே போகிற அந்த வீதியே ஒரு தனி அனுபவம். இறங்கினால் பவளக்கல்லை அடுக்கிய மதில் வேலிகள், பெருக்கமரம் (பாவோபாப்), புறாக்கூடு, கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள். ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம், வேலணை லெய்டன். அவை மறைந்துபோயின, டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டது. ஒல்லாந்தர் கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து நிற்கிறது. அது தவிர, வெடியரசன் கோட்டை என்று ஊர்ச் சனம் சொல்லும் கற்குவியலும் உண்டு.

கோட்டை பார்க்க என்று போனால் அந்த இடிபாடுகளுக்கு அரை மணித்தியாலம் போதும். மிச்ச நாள் முழுதும் பயணமும் கடலும் குதிரையும். அது குறையல்ல, ஆனால் என் மருமகள் கேட்டது ராசாவையும் கோட்டையையும். கடைசிப் படகை விட்டால் இரவு அங்கேதான், ஆகவே நேரத்தை முதல் நாளே துறைமுகத்தில் விசாரிக்க வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி தொடக்கம் ஆவணி வரை அந்தக் கடல் ஆளைக் குலுக்கி எடுக்கும். வயசானவர்களையும் கைக்குழந்தையையும் அந்த நாட்களில் ஏற்ற வேண்டாம். அதே மாதங்களில் தீவில் தண்ணீர் வற்றி, குதிரைகளும் வாடிப்போய் நிற்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் வருவதும் அந்த மாதங்களில்தான் என்பது நெடுந்தீவுக்கு எதிரான என் பெரிய காரணம். மறுபக்கம், திருவிழாவின் 25 நாளும் நல்லூரைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள், நடக்க வேண்டிவரும். அந்தக் காலத்தில் நல்லூர்ப் பாதைக்கும் இந்த ஒரு சிரமம் உண்டு.

இரண்டுக்கும் நடுவிலே ஒரு அரைநாள் வழியும் இருக்கிறது. ஊர்காவற்றுறைக்குப் போய் அங்கிருந்து ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகில் ஏறிக் காரைநகர் கடந்தால், கடல் நடுவே ஹமன்ஹீல் கோட்டை தெரியும். இலங்கையின் வடிவம் பன்றித்தொடை போல இருப்பதாக நினைத்து, அதன் குதிக்கால் என்று ஒல்லாந்தர் வைத்த பெயர். இப்போது கடற்படை நடத்தும் விடுதி. பார்வைக்கு நல்லது, கதை அங்கே குறைவு. பூநகரிக் கோட்டை சங்குப்பிட்டிப் பாலத்துக்கு அப்பால், இன்னொரு நாளுக்குரியது.

சுருட்டிச் சொன்னால், தாத்தா பாட்டி கூட வந்தால், அல்லது ‘நாங்கள் ஆர்’ என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டால், நல்லூரும் கோட்டையும். ஏற்கெனவே அதைப் பார்த்து முடித்த இளம் ஆட்களென்றால், மாசி பங்குனியில், நெடுந்தீவு.

மருமகளை நான் முதல் வழியில்தான் கூட்டிப்போனேன். பின்னேரம் ஐந்தரைக்குக் கொத்தளத்தில் நின்று, பண்ணைக் கடலைப் பார்த்துவிட்டு, திரும்பி நகரப் பக்கம் பார்த்தாள். “மாமி, அந்த வளைவு எந்தப் பக்கம்?” என்றாள். கையைக் காட்டினேன். பனைகளும் தண்ணீர்த் தாங்கிகளும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் அந்தப் பக்கமே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வருகிற மாசிக்கு ரிக்கெற் போட்டிருக்கிறாளாம். புளிச்சாதம் நான் கட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன். குறிகட்டுவானில் முதல் படகு.