கூடங்குளமா, முப்பந்தலா, தூத்துக்குடியா? தென்கோடியிலிருந்து ஓர் அலசல்

தமிழ்நாட்டின் தென்கோடியில் மின்சாரம் எடுக்கும் வழிகள் எல்லாமே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கூடங்குளத்தில் கடலோரமாக அணு உலைகள். அதைச் சுற்றி ராதாபுரம், வடக்கன்குளம் பக்கமெல்லாம் காற்றாலைகள். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி, காற்றாலைகளுக்குப் பேர்போன முப்பந்தல். வடகிழக்கே தூத்துக்குடியில் 1979 முதல் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா.

2047க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு இலக்கு வைத்தது. அப்போது நாடு முழுக்க இருந்தது 9,000 மெகாவாட்டுக்கும் குறைவு. நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் அணுவின் பங்கு ஏறக்குறைய 3 சதவீதம். நிலக்கரியின் பங்கு எழுபதுக்கும் மேல். இந்த இலக்கை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க, நம் தென்கோடியைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் அளவு. கூடங்குளத்தின் ஒரு 1,000 மெகாவாட் உலை முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்கு 2 கோடியே 40 லட்சம் யூனிட் தரும். ராத்திரி, பகல், மழை, வெயில் எதுவும் அதற்குக் கணக்கில்லை. சோலாரில் அதே 1,000 மெகாவாட் போட்டால் சராசரியாக அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். ஆக, ஓர் உலைக்கு ஈடு கட்ட நாலாயிரம், ஐயாயிரம் மெகாவாட் சோலார் வேண்டும். மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் என்று வைத்தால், 20,000 ஏக்கர். ராமநாதபுரம் மாதிரி வறண்ட மாவட்டத்தில்கூட அது விளையாட்டுக் காரியம் இல்லை. அணுமின் ஆதரவாளர்களின் வலுவான வாதம் இதுதான், இதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

காற்றின் கதை வேறு. மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாயில் புகுந்துவிட்டால் செப்டம்பர் வரை முப்பந்தல் அள்ளிக் கொடுக்கும். அந்த மாதங்களில் சில நேரம் "உங்கள் காற்றாலையை நிறுத்துங்கள்" என்று உற்பத்தியாளர்களிடம் சொல்லும் அளவுக்கு மின்சாரம் வரும். எடுத்துப்போக லைன் போதாது, அல்லது அந்த நேரத்தில் தேவை இருக்காது. காற்றாலைக்காரர்களின் பல வருடத்துக் குறை இது. அப்புறம் அக்டோபர் வந்தால் இறக்கை சுற்றுவதே குறைந்துவிடும். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவிய மாநிலம் நாம். ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதத்து மாலைப் பொழுதுக்கு அதை நம்பித் திட்டம் போட முடியாது.

2012ஐ மறக்க முடியுமா? சென்னைக்கு வெளியே பல ஊர்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலே கரண்ட் கட். விசைத்தறியும் லேத் பட்டறையும் வைத்திருந்தவர்கள் டீசல் ஜெனரேட்டருக்கே சம்பாத்தியத்தைக் கொடுத்தார்கள். அந்த வருடம்தான் கூடங்குளத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான இடிந்தகரையில் அணு உலைக்கு எதிரான போராட்டமும் உச்சத்தில் இருந்தது. கரண்ட் இல்லாத ஊர்க்காரர்களும் உலை வேண்டாம் என்ற ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் குறை சொல்லும்படி ஆனது. இரண்டு பக்கத்துக் கவலையும் நியாயமானதுதான்.

சரி, அவ்வளவு நம்பகமான உலை எப்போது வந்தது? கூடங்குளம் உலைகளுக்கு ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988இல். கட்டுமானம் தொடங்கியது 2002இல். முதல் உலையில் அணுப்பிளவு தொடங்கியது 2013 ஜூலையில். வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31. இரண்டு உலைகளுக்கும் முதலில் போட்ட மதிப்பீடு 13,171 கோடி ரூபாய், முடிவில் ஆனது 22,462 கோடி. வந்த பிறகும் 2015இல் எரிபொருள் மாற்ற நிறுத்திய முதல் உலை, 60 நாளில் முடிய வேண்டிய வேலைக்கு ஏழு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆயிரம் மெகாவாட் ஒரே இடத்தில் நின்றுபோனால் மின்வாரியம் அதை வேறெங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். கமுதியை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய எட்டு மாதத்தில் கட்டி 2016இல் ஓட்டிவிட்டார்கள். 2012இன் இருட்டுக்கு உடனடி மருந்தாக அணு உலை ஒருபோதும் இருந்திருக்க முடியாது என்பது இந்த வருடங்களிலிருந்தே தெரிகிறது.

விலையிலும் காற்று திசை மாறியிருக்கிறது. கமுதி மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 வருடத்துக்கு வாங்க ஒப்பந்தம் போட்டோம். 2017 மே மாதத்திலேயே ராஜஸ்தான் பட்லாவில் சோலார் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிவிட்டது. கூடங்குளம் மின்சாரம் 4 ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. பகல் மின்சாரத்துக்கு இனி சோலாரோடு யாரும் மோத முடியாது. போட்டியே சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகுதான்.

அந்த நேரத்துக்கு நம்மிடம் பழைய விடை ஒன்று இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம், 400 மெகாவாட், 1980களில் கட்டியது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணையிலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை ஏறும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு அதே இயந்திரங்களில் மின்சாரம் எடுப்பார்கள். கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனால் நண்பகலின் வெயிலை ராத்திரிக்கு மாற்றுகிற வேலை நடந்துவிடுகிறது. நீலகிரியில் குந்தாவில் இன்னொரு 500 மெகாவாட் நீரேற்று நிலையத்தின் கட்டுமானம் வருடக்கணக்கில் இழுக்கிறது. தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதன் முன்னால் 400ம் 500ம் எந்த மூலைக்கு? பேட்டரி விலை இறங்கிவருவது பெரிய ஆறுதல். ஆனால் அது சில மணி நேரத்தைத் தாங்கும்; காற்று ஓய்ந்த மாதங்களைத் தாங்காது.

நிலக்கரியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் முழு வருடம் ஓட 45 லட்சம் டன் அளவில் நிலக்கரி வேண்டும், நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். கூடங்குளத்தின் ஓர் உலைக்கு வருடத்துக்கு 30 டன்னுக்குள் எரிபொருள் போதும். அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று எண்ணூர் மீனவர்களைக் கேளுங்கள். கொசஸ்தலை ஆற்றில் இறங்கி நின்றால் காலுக்கடியில் தட்டுப்படுவது அதுதான். நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020இல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை கொதிகலன் விபத்து நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ஓர் அணு உலையில் அப்படி நடந்திருந்தால் உலகமே பேசியிருக்கும். கரியின் சாவுகள் சிறிது சிறிதாக, நுரையீரல் வழியாகவும் நடப்பதால் செய்தி ஆவதில்லை.

அதற்காக இடிந்தகரையின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கியது பெரிய அநியாயம். ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தது 2011 மார்ச்சில். அங்கே டீசல் ஜெனரேட்டர்களை ஆழிப்பேரலை மூழ்கடித்து, குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் உலைகள் உருகின. 2004இல் சுனாமியை நேரில் பார்த்த கடற்கரை ஜனம் அதை டிவியில் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருக்கும்? இதற்குப் பதில் இருந்தது. மின்சாரமே இல்லாவிட்டாலும் வெளிக்காற்றின் ஓட்டத்தாலேயே உலைச் சூட்டை வெளியேற்றும் அமைப்பு கூடங்குளத்தில் உண்டு. எரிபொருள் உருகி வழிந்தாலும் பிடித்துவைக்க உலைக்கு அடியில் தொட்டி உண்டு. 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் கடல்நீர் புகுந்தபோது ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தவும் செய்தார்கள். இதையெல்லாம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லவேண்டிய நேரத்தில், ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

என் நிலைப்பாடு இது. ஓடுகிற இரண்டு உலைகளையும் ஓடவிட வேண்டும். பாதி கட்டிய 3, 4, 5, 6 ஆகிய நான்கையும் முடிக்க வேண்டும். ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளை மூடியபோது பழுப்பு நிலக்கரியை இன்னும் எரித்துக்கொண்டுதான் இருந்தது. மூடும் வரிசையில் கரிதான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் 2047 இலக்கை நம்பி மற்ற வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஒப்பந்தத்திலிருந்து மின்சாரம் வரை முதல் உலைக்கே கால் நூற்றாண்டு ஆன நாட்டில், அடுத்த பத்து வருடத்துக்கான பணம் நீரேற்று நிலையங்களுக்கும் பேட்டரிக்கும் முப்பந்தல் மின்சாரத்தை வடக்கே கொண்டுபோகும் லைன்களுக்கும்தான் முதலில் போக வேண்டும்.

ஆறு உலைகளுக்கு மேல் கூடங்குளத்தில் இன்னொன்று என்ற பேச்சு வந்தால், அதற்கு நான் ஒரு நிபந்தனை வைப்பேன். எரித்து முடித்த எரிபொருளை உலைக்கு வெளியே தனிக் கிடங்கில் வைக்க உச்ச நீதிமன்றம் 2013இல் ஐந்து ஆண்டு கெடு கொடுத்தது. 2018இல் அதை 2022 வரை நீட்ட வேண்டி வந்தது. அந்தக் கழிவு எத்தனை காலம் கூடங்குளத்தில் இருக்கும், கடைசியில் எந்த ஊருக்குப் போகும் என்பதை ராதாபுரம் தாலுகா கிராமசபைகளில் தமிழில் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏழாவது உலையைப் பற்றிப் பேச வேண்டும்.