மினி பெடல் சைக்கிள்: நரம்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு வாங்கலாமா?

நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கும் இந்தச் சின்ன சைக்கிளை, பக்கவாதம் வந்தவர்களுக்கும் பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ளவர்களுக்கும் தாராளமாக வாங்கலாம். நடக்கும்போது பாதி வழியில் சோர்வு வந்தால் விழ வாய்ப்புண்டு. இதில் எந்த நொடியிலும் நிறுத்தலாம்.

குறை, டைல்ஸ் தரையில் முன்னால் நழுவுவது. சுவரில் முட்ட வைத்து, அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள். ரப்பருக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பஞ்சமா என்ன! சக்கரமில்லாத, சாய்மானமுள்ள நாற்காலி போதும். பெடல் தூரத்தில் இருக்கும்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். முழுக்க நீண்டால் காலில் விறைப்பு கூடும். பெடலின் வார் பலவீனமான பாதத்தைப் பிடித்து வைக்காது, குதிகால் பின்னால் வழுகும். குதிகால் மூடிய ஷூ போட்டு, கிரேப் பேண்டேஜால் பெடலோடு சுற்றிவிடுங்கள். அதை அவிழ்க்காமல் எழுந்திருக்கக் கூடாது.

மிதிக்கும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசிவரை தளர்த்தி ஆரம்பியுங்கள். 2 நிமிடம் மிதி, 2 நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று முறை. சோர்வு வந்தபின் ஓய்வெடுத்தால் பிந்திவிட்டது என்று அர்த்தம், நன்றாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும். மீட்டரில் நேரத்தை மட்டும் பாருங்கள், கலோரிக் கணக்கை நம்ப வேண்டாம். பீட்டா பிளாக்கர் (நாடித்துடிப்பைக் குறைக்கும் இதய, ரத்த அழுத்த மருந்து) மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பும் சரியான அளவுகோல் இல்லை. சிரமத்தை 0 முதல் 10 வரை கேளுங்கள், 3 அல்லது 4 போதும். "நாகர்கோவில், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? மூச்சு முறிந்தால் வேகம் குறையுங்கள். நாக்கு குழறினாலோ, இமை சரிந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கு அவ்வளவுதான். இவை முன்பு இல்லாமல் புதிதாக வந்தாலோ, கொஞ்ச ஓய்வுக்குப் பிறகும் மாறாவிட்டாலோ, ஒரு பக்கம் புதிதாகத் தளர்ந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பார்க்கின்சனுக்கு, மாத்திரை வேலை செய்யும் நேரமே பயிற்சி நேரம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடல்சூடு அரை டிகிரி ஏறினாலே பார்வை மங்கலாம், கால் தளரலாம். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, சூடும் இறங்காது. அதனால் விடியற்காலையில், ஃபேனுக்கு நேராக, கழுத்தில் ஈரத்துண்டோடு மிதிக்கட்டும். மயஸ்தீனியா (தசைகள் சீக்கிரம் சோர்ந்து தளரும் நோய்) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

பயிற்சி முடிந்து 2 மணி நேரத்துக்கு மேலும் அசதி நீடித்தால், மறுநாள் ஒரு சுற்றைக் குறையுங்கள். கூட்டும்போது நேரத்தை மட்டும் கூட்டுங்கள், திருகைத் தொடாதீர்கள்.

திருகி இறுக்கும் மாடலில், தொடர்ந்து மிதித்தால் நடு அச்சு நன்றாகச் சுடும். தொடுவுணர்வு குறைந்த கைக்குச் சுடுவது தெரியாது. ஆறும்வரை இடத்தை விட்டு எடுக்காதீர்கள்.